கழற்றாத சக்கரம்

பிரேக் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. இப்போதும் பிரேக்தான் பார்க்கிறேன். அந்த நினைப்பு மட்டும் போய்விட்டது.

எங்கள் பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. முன்பாதி எனக்கு, பின்பாதி டிங்கருக்கு. நசுங்கிப்போன வண்டிகளை அவர் நிமிர்த்துவார். நிற்காத வண்டிகளை நான் நிற்க வைப்பேன். இருபத்து மூன்று வருடமாக ஒரே கூரை, ஒரே டீ, ஒரே சண்டை. எனக்கு 'ஜோசியர்' என்று பெயர் வைத்தது அவர்தான். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருமுனையில் யாருக்கும் தெரியாது.

பெயர் வந்த காரணம் இதுதான். சக்கரத்துக்கு உள்பக்கம், அதோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றும். டிஸ்க் என்போம். பிரேக்கை மிதித்தால் இரண்டு புறமும் இருந்து பேட் என்கிற கட்டைகள் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். நல்ல டிஸ்க், தேய்த்துக் கவிழ்த்து வைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருக்கும். சூடு பட்டால் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ரொம்பவும் காய்ந்துபோனால் நீலம். அந்த நிறத்தை வைத்தே ஓட்டுகிறவரின் குணத்தைச் சொல்லிவிடுவேன். நத்தை மாதிரி ஓட்டுவேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்த பள்ளிக்கூட வேன்காரரிடம், "காலையில லேட்டாத்தானே எந்திரிக்கிறீங்க?" என்று கேட்டேன். மனிதர் வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் வேடிக்கை பார்க்கவே நாலு பேர் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். நானும் சளைக்காமல் அளப்பேன். எனக்கு வாயும் ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி. இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் எதிரில் நிற்பது யார் என்று பார்க்கமாட்டேன். அன்றைக்கு எதிரில் நின்றது என் தங்கை.

அவள் என்னைவிட ஆறு வயது சின்னவள். துணிக்கடை ஒன்றின் மாடியில் தையல் வேலை. கடையில் வாங்கும் உடுப்புகளை ஆளுக்குத் தக்கபடி குறைத்தும் இறக்கியும் கொடுப்பாள். மின்சார மெஷின் வேண்டாம், கால் மெஷின்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று இருபது வருடமாக அதையே மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் நிலம் அளக்கிற சர்வேயர். அதிர்ந்து பேசமாட்டார். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்ததும், மணமேடை பதினொன்றரை அடிக்குப் பதினோரடி நாலு அங்குலம், ஒரு மூலை இழுக்கிறது என்று சொன்ன மாப்பிள்ளை அவர். அதைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் பல வருடம் சிரித்திருக்கிறோம்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போக அரை மணி, வர அரை மணி, நடுவில் நாலு மணி நேரம் மெஷினோடு படுக்கை. முடித்து எழுந்தால் நிற்கத் தெம்பிருக்காது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற உடம்பா அது? என் தங்கை ஒரு நாள் பட்டறைக்கு வந்து, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். அப்போது அவளுக்கு நாற்பத்து நாலு வயது. சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாதவள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நானே அலைந்து அவளுக்கு ஒரு பழைய வண்டி பிடித்துக் கொடுத்தேன். கியர் போடுகிற தொல்லை இல்லாத வண்டி. வலது காலுக்கு மட்டும்தான் வேலை, இடது கால் சும்மா ஒதுங்கி இருந்தால் போதும். நானே பேட் எல்லாம் மாற்றி, எண்ணெய் மாற்றி, துடைத்துச் சாவியைக் கையில் கொடுத்தேன். கற்றுக்கொண்டாள். எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று கேட்காதீர்கள். சொல்லிக்கொடுத்தவர் அந்த மாதத்தோடு வேறு தொழிலுக்குப் போய்விட்டார் என்று டிங்கர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆனால் முதல்முறை மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய அன்றைக்கு, வழியில் பட்டறை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள். மாப்பிள்ளை மடியில் ஆஸ்பத்திரி ஃபைலோடு நேராக உட்கார்ந்திருந்தார். வெளுத்துப்போன முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கிரீஸ் பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

பத்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகுதான் பிரேக்கில் சத்தம் வர ஆரம்பித்தது.

ஒரு முற்பகல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று பட்டறையில் ஆறு வண்டி. இரண்டு பேர் நாற்காலியில், மூன்று பேர் நின்றுகொண்டு, எல்லோருக்கும் அவசரம். மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு அந்த நாலு மணி நேரத்துக்குள் வந்திருந்தாள். மூன்று விஷயம் சொன்னாள். பிரேக் போட்டால் கீச்சென்று கத்துகிறது. அவர் உட்காரும் பக்கம் ஏதோ தீய்ந்த வாடை வருகிறது. வண்டி அந்தப் பக்கமாகவே கொஞ்சம் இழுக்கிறது. மூன்றையும் அவள் வரிசையாக, சுத்தமாகச் சொன்னாள். நான் முதல் விஷயத்தை மட்டும்தான் காதில் வாங்கினேன்.

ஜாக்கி போட்டு, அவள் சொன்ன பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க் நீலம். லேசான நீலம்கூட இல்லை, மயில் கழுத்து நிறம். பேட் விளிம்பு கண்ணாடி மாதிரி மினுங்கியது. நான் எழுந்துகூட நிற்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். இருபது வருடமாக இரண்டு காலாலும் மெஷின் மிதித்தவள். சும்மா இருக்கிற இடது காலுக்கு அங்கே ஒரு பெடல் அகப்பட்டால் விடுமா? ஓட்டும்போதெல்லாம் அதன் மேலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடினால் டிஸ்க் காயாமல் என்ன செய்யும்? எனக்கே அந்தக் கண்டுபிடிப்பு மிகவும் பிடித்துப்போயிற்று.

"இது கார் பிரேக்கும்மா, உன் தையல் மெஷின் இல்ல," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். "உன் இடது கால வீட்டுல விட்டுட்டு வந்து ஓட்டு. சத்தம் தானா நின்னுடும்."

நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். டிங்கர் பின்னாலிருந்து சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என் தங்கை தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"நான் கால அங்க வெக்கிறதில்லண்ணா," என்றாள்.

டிஸ்க் சொல்லுகிறதே என்றேன். என் வார்த்தைக்கு மறுவார்த்தை அவள் சின்ன வயதிலிருந்தே பேசியதில்லை. சக்கரத்தை மாட்டி, காலை ஒழுங்காக வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டு, அப்புறம் டிஸ்க் மாற்றிக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனேன். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்காது.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது இந்தக் கதையை என் மனைவியிடம் ரசித்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஐந்து ஆம்பிளைகள் நடுவில் வைத்து அவளை அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டாள். தொழில் விஷயத்தில் தங்கையாவது தம்பியாவது என்று நான் பெரிய நியாயஸ்தன் மாதிரி பதில் சொன்னேன்.

பிறகு நடந்ததை என் தங்கை எனக்குச் சொல்லவில்லை. துண்டு துண்டாகப் பின்னால் தெரிந்துகொண்டதுதான். ஓட்டும்போது இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். வலது காலையும் நம்பவில்லை. பிரேக்கைத் தொடும்போதெல்லாம் அந்தச் சத்தம். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் எல்லோரும் தன் காலைத்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு நினைப்பு. அதனால் பிரேக் போடுவதைத் தள்ளிப் போடுவாள். கடைசி நொடி வரைக்கும் தள்ளிப் போடுவாள். அப்படித் தள்ளிப் போட்டதில் ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல் தூணில் கொண்டுபோய் முட்டிவிட்டாள்.

பெரிய அடி இல்லை. முன்பக்கம் நசுங்கியது, ஒரு விளக்கு உடைந்தது. மாப்பிள்ளைக்கு நெற்றியில் சின்னக் காயம். ஆனால் அந்த வாரம் அவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருந்தார்கள். காயம் சின்னதென்றாலும் ரத்தம் நிற்க வெகு நேரம் ஆயிற்று. கர்ச்சீப்பை வைத்து அழுத்திக்கொண்டு அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். அப்போதாவது நான் வாயை அடக்கியிருக்கலாம். "சொன்னேன்ல," என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

டிங்கர் வண்டியை நிமிர்த்திக் கொடுத்தார். நான் அதன் பக்கம் போகவே இல்லை. போக வேண்டியிருக்கிறது என்று தோன்றவும் இல்லை. காரணம்தான் தெரிந்த காரணமாயிற்றே. வண்டி அவள் வீட்டுக்குப் போனது, போர்வை போட்டு மூடி நிறுத்தப்பட்டது. அவள் அதற்கப்புறம் சாவியைத் தொடவில்லை.

வாடகைக் காரில் போனார்கள். சொன்ன நேரத்துக்கு வருகிற கார் உண்டு, வராத கார் உண்டு. வராத நாட்களில் என்னைக் கூப்பிடுவாள். நான் ஏதாவது வண்டிக்கு அடியில் படுத்திருப்பேன். அரை மணியில் வருகிறேன் என்று சொல்லி ஒன்றரை மணி நேரம் கழித்துப் போவேன். நேரம் தவறினால் ஆஸ்பத்திரியில் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு யாரையும் காத்திருந்து கூப்பிடுவது பிடிக்காது. இன்றைக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அடுத்த முறை போய்க்கொள்ளலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். மூன்று நாள் இரண்டு நாளாயிற்று. சில வாரம் ஒன்று. கால் வீங்கியது. மூச்சு வாங்கியது. டாக்டர் திட்டினார். நாலு மாதத்தில், ஒரு சாயங்காலம், வாடகைக் காருக்காக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். கார் வந்தபோது ஏற்ற ஆளில்லை.

அவர் எப்படியும் போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். உடம்பு அந்த நிலைமையில்தான் இருந்ததாம். இருக்கலாம். நான் டாக்டர் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் என் தங்கை ஒரே பதிலைத்தான் சொன்னாள். "என் கால் சரியா இருந்திருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்." யார் வந்து உட்கார்ந்தாலும் இதுதான். கேட்டவர்களுக்குப் புரியவில்லை, ஏதோ முட்டி வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தைலம் சொன்னார்கள். எனக்குப் புரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: பாவம், அவளுக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் அப்போது நான் நினைத்தேன். அவள் மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது.

மாதம் மூன்று ஆயிற்று. அவள் வேலைக்குத் திரும்பவில்லை. கடைக்காரர் வீட்டுக்கே துணி அனுப்பினார். என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: மெஷின் முன்னால் உட்காருகிறாள், காலை வைக்கிறாள், உடனே எடுத்துவிடுகிறாள், அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். துணியெல்லாம் வெட்டுகிற மேஜையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. இப்படியே போனால் இவள் என்ன ஆவாள் என்று என் மனைவி அழுதாள். எனக்கும் அதுதான் பயம்.

அந்தச் சமயத்தில்தான் காரை விற்றுவிடச் சொல்லித் தங்கை போன் செய்தாள். மருந்துக்கடைக்காரம்மா ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். கத்துகிற பிரேக்கோடு கொடுக்க முடியாது. போர்வையை எடுத்து, தூசு தட்டி, நானே பட்டறைக்கு ஓட்டி வந்தேன். வருகிற வழியில் இரண்டு இடத்தில் பிரேக் போட்டேன். கத்தியது. என் இடது கால் ஒதுங்கித்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தடித்த தோல்.

விற்கிற வண்டி என்பதால் ஒழுங்காகச் செய்வோம் என்று இரண்டு முன்சக்கரத்தையும் கழற்றினேன். ஒரு பக்கம் அதே மயில் கழுத்து நீலம். எழுந்து மறுபக்கம் போனேன்.

அந்த டிஸ்க் வெள்ளையாக இருந்தது.

கொஞ்சம் துரு, அதற்கு அடியில் பளிச்சென்ற வெள்ளை. ஒரு மஞ்சள் புள்ளிகூட இல்லை. நான் மறுபடி இந்தப் பக்கம் வந்து பார்த்தேன். மறுபடி அந்தப் பக்கம். பிரேக் பெடலை மிதித்தால் இரண்டு சக்கரமும்தான் பிடிபடும். ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்க எந்த மனிதக் காலாலும் முடியாது. கால்தான் காரணமென்றால் இரண்டும் நீலமாக வேண்டும். ஒன்று மட்டும் நீலமென்றால் அந்தச் சக்கரத்தில்தான் கோளாறு. இது என் தொழிலில் அரிச்சுவடி. யார் வண்டியாக இருந்தாலும் நான் இரண்டு பக்கமும் கழற்றாமல் வாயைத் திறந்ததில்லை. அன்றைக்கு ஆறு வண்டி நின்றது. தங்கைதானே என்று இருந்தது. தையல்காரி கால் என்கிற அந்தக் கதை வேறு அவ்வளவு அழகாக வாயில் வந்து உட்கார்ந்தது. ஒரு சக்கரத்தோடு நிறுத்திவிட்டேன்.

இன்னும் இருந்தது. பேட்களைப் பிடித்திருக்கிற கவ்விக்குக் கேலிப்பர் என்று பெயர். காலை எடுத்ததும் அது நகர்ந்து கொடுத்துப் பேட்டை விடுவிக்க வேண்டும். நகர்வதற்கு விரல் நீளத்தில் இரண்டு கம்பிகள் உண்டு. நீல டிஸ்க் பக்கத்தில் மேல் கம்பி அசைய மறுத்தது. சுத்தியலால் தட்டி, முறுக்கி, இழுத்து வெளியே எடுத்தேன். கம்பியின் நுனியில் இருந்த ரப்பர் ஊறி, உப்பி, துளையை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் மஞ்சள் கிரீஸ்.

மஞ்சள் கிரீஸ் அங்கே போடவே கூடாது. அது ரப்பரைத் தின்னும். அதற்கென்று வேறு கிரீஸ் இருக்கிறது, சின்ன டியூபில் வரும். எனக்கு உடனே ஞாபகம் வந்தது. வண்டியை அவளுக்காகத் தயார் செய்த அன்று ஒரு பக்கத்தை முடித்ததும் டியூப் காலியாகிவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல். டப்பாவில் இருந்த மஞ்சள் கிரீஸை விரலால் எடுத்து மறுபக்கக் கம்பியில் தடவினேன். இப்போதைக்கு ஓடட்டும், அடுத்த வாரம் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் அவள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறந்துபோனேன்.

வாடை அந்தப் பக்கம்தான் வரும். வண்டி அந்தப் பக்கம்தான் இழுக்கும். அவள் சொன்ன மூன்றும் சரி. நோயாளி வாய்திறந்து நோயைச் சொல்லியும் கேட்காத வைத்தியன் நான்.

டிங்கர் வந்து பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கம் பார்த்தார், மறு பக்கம் பார்த்தார், என் கையில் இருந்த கம்பியைப் பார்த்தார். அவளிடம் சொல்லாதீர்கள் என்றார். போனவர் திரும்பி வரப்போவதில்லை, இருக்கிற அண்ணனையும் ஏன் அவள் இழக்க வேண்டும் என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. அப்படிப் பட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

மூன்று நாள் அந்தக் கம்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். புது டிஸ்க், புது பேட், புதுக் கம்பி, சரியான கிரீஸ் எல்லாம் போட்டேன். ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. அந்த அமைதி என்னை என்ன பாடு படுத்தியது என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் சொன்னேன். என் மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அவள் மெஷினில் கால் வைக்க மாட்டேன் என்கிறாள், நீங்கள் வாய்மூடி இருந்தால் அவள் சாகும் வரை வைக்கமாட்டாள் என்று மட்டும் சொன்னாள்.

அது போதுமாக இருந்தது. என்மேல் தங்கை காறித் துப்பினாலும் சரி, அவள் காலில் ஏற்றிய பாரத்தை நான்தான் இறக்க வேண்டும். சொல்லிவிட்டால் அவளுக்கு லேசாகும் என்று நம்பினேன். உண்மையாகவே நம்பினேன்.

கழற்றிய டிஸ்க் இரண்டையும் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். மெஷின் அறையில்தான் இருந்தாள். மேஜையில் கிடந்த துணிக்கட்டுகளை ஒதுக்கி, இரண்டு டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்று ஒரு சக்கரம்தான் பார்த்தேன், மறு சக்கரம் இப்போதுதான் பார்த்தேன், கிரீஸ் மாற்றிப் போட்டது நான், சிக்கிக்கொண்டது கம்பி. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் கையை நீட்டி நீல டிஸ்க்கைத் தொட்டாள். பிறகு வெள்ளையைத் தொட்டாள்.

"இதுல எது நான் ஓட்டினது?"

"ரெண்டும் நீ ஓட்டினதுதாம்மா. உன் கால் பட்டிருந்தா ரெண்டும் நீலமாயிருக்கணும்."

"அப்ப என் கால் இல்ல."

"இல்லம்மா. உன் கால்ல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான்தான்."

அவள் என்னை அடிக்க வேண்டும், வெளியே போ என்று சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். இல்லாவிட்டால் அழுது, மனசு ஆறி, மெஷினில் காலை வைப்பாள் என்று காத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. அவள் முகம் அப்படியே வெளிறிக்கொண்டு போனது. மாப்பிள்ளை இறந்த அன்றைக்குக்கூட நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

"அவர் சொன்னாரு," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நீ பட்டறையில சொல்லி அனுப்பினியே, அதுக்கு அடுத்த தடவை போறப்போ, வழி பூரா அவர் ரோட்டைப் பாக்கவே இல்ல. குனிஞ்சு என் காலையே பாத்துட்டு வந்தாரு. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கறதுக்கு முன்னாடி சொன்னாரு. நாப்பத்தோரு தடவை பிரேக் போட்டே, நாப்பத்தோரு தடவையும் வலது கால்தான், இடது கால் வெச்ச இடத்துலேயே இருந்துச்சு, உங்கண்ணன் சொல்றது தப்புன்னு. திரும்பி வர்றப்பவும் எண்ணினாரு. அவ்வளவு அசதியில. அப்பவும் அதேதான் சொன்னாரு."

அவள் மூச்சு வாங்கினாள்.

"நான் நம்பலண்ணா. எங்கண்ணனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப்போகுதுன்னு சண்டை போட்டேன். நில அளவையோட நிறுத்திக்கங்கன்னு சொன்னேன். உங்கண்ணன்கிட்ட நான் பேசறேன்னாரு. எங்கண்ணன் தொழில்ல நீங்க வாயக் குடுத்தீங்கன்னா நான் உங்களோட வரவே மாட்டேன்னு சொல்லிட்டேன். அதோட விட்டுட்டாரு. அப்புறம் அதப் பத்தி வாயே திறக்கல. கார் வராத நாளெல்லாம் வாசல்ல உக்காந்திருப்பாரு. ஒரு தடவைகூட, நீ ஓட்டேன்னு என்னைக் கேக்கல."

நான் அவள் தோளைத் தொடப் போனேன். அவள் விலகவும் இல்லை, சாயவும் இல்லை. நீல டிஸ்க்கின் மேல் இருந்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"எங்கிட்ட நீ வந்து சொல்லிட்டே, அண்ணா. அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது?"